சுருங்காத மெசேஜ்

என் கணவருக்குச் சுருக்குவதுதான் வேலை. நடுக்கடலில் போகும் கப்பல்களில் சிக்னல் நூல் மாதிரிதான் கிடைக்குமாம். மாலுமிகள் வீட்டுக்கு அனுப்பும் மெசேஜை அதற்குள் நுழைகிற அளவுக்குச் சுருக்கி, கரைக்கு வந்ததும் பழையபடி விரிக்கிற மென்பொருளை அவர் எழுதுகிறார். சோதித்துப் பார்க்கத் தன் ஃபோனில் இருந்த மெசேஜ்களையே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினார். ஆளுக்கொரு பட்டை. சுருக்கிய பிறகு யாருடைய மெசேஜ் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற கணக்கு.

"பாரு, எல்லாரையும் விட உன் மெசேஜ்தான் சூப்பரா சுருங்குது!"

என் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. கொசுக்கால் போல ஒரு கோடு. "கிளம்பிட்டீங்களா", "பால் வாங்கிட்டு வாங்க", "சரி". வேறென்ன இருந்தது அதில்? பக்கத்தில் இன்னொரு பட்டை திரையின் விளிம்பு வரை கால் நீட்டிப் படுத்திருந்தது.

"இது யாரு?"

"நம்ம சுருட்டை." ஆபீஸில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரி, முடியால் வந்த பெயர். "அவளோடது சுருங்கவே மாட்டேங்குது. அடுத்து என்ன வரும்னு யூகிக்க முடிஞ்சாதான் சுருக்க முடியும். அவ ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது சொல்லுவா."

சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு பூரிப்பு! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டுக்குப் பால் வேண்டாமென்றால் நானும்தான் நிலாவைப் பற்றி எழுதுவேன். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தேன்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஒரு பெரியவர் தன் பல்செட்டைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டுப் போனார். ஃபோனை எடுத்தேன். "ஒரு பல்செட் காலையிலிருந்து என்னையே பார்த்துச் சிரிக்குது. நீங்ககூட இவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்ல. பேசாம இதையே கட்டிக்கலாம்னு இருக்கேன். கடிக்காதுன்னு எழுதிக் கொடுத்தா போதும்." அனுப்பிவிட்டு, மாத்திரை கேட்டவருக்குத் தைலம் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லை.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "உன் ஃபோன் உன்கிட்டதானே இருக்கு?"

"ஏன்?"

"மத்தியானம் உன் நம்பர்லேருந்து ஒரு மெசேஜ். போட்டுப் பார்த்தேன், கொஞ்சம்கூட சுருங்கல."

"சிரிச்சீங்களா?"

"பின்ன? சுருட்டைகிட்ட காட்டினேன், அவளும் விழுந்து விழுந்து சிரிச்சா. யாரு எழுதினதுன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"எங்க வீட்டுக்காரி இப்படியெல்லாம் எழுதமாட்டா, கடையில யாரோ ஃபோனை எடுத்து விளையாடியிருக்காங்கன்னு சொன்னேன்." ஆவலை மறைக்கத் தெரியாமல் கேட்டார்: "யாரு அது?"

நான்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சுருட்டை எனக்கு மறந்தே போனாள். அவரை அப்படிச் சிரிக்க வைத்த அந்தப் பல்செட்காரி மேல்தான் இப்போது வயிறு எரிந்தது.

"கடைக்குப் புதுசா வந்தவ," என்றேன். "பால் வாங்கிட்டு வந்தீங்களா?"