விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றிலிருந்து வந்தது.

எங்கள் வரிசையில் பதினோரு வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அடுக்குமாடி வரப்போகிறது என்று ஒன்பதை இடித்தாயிற்று. இப்போது பக்கத்து வீடு. கடைசி வீட்டில் நானும் அக்காவும். அவள் அறைச் சுவரில் விரிசல் விட்டதும் இன்ஜினியர் வந்து, அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதினார். "சுவர் நகர்ந்தா இது உடையும். உடைஞ்சா உடனே வெளிய வந்துடுங்க."

"உடையட்டும், அன்னிக்கே மகள் வீட்டுக்குப் போயிடறேன்," என்றாள் அக்கா. "அதுவரைக்கும் யாரும் என்னைக் கிளப்பாதீங்க."

2.
முதல் தொடக்கம்: "தெருவெங்கும் தூசி படிந்திருந்த அந்தக் காலையில்" (வேண்டாம். தூசியைத் தூவி யாரை ஏமாற்ற?)

இரண்டாவது: "அஞ்சாநெஞ்சனான தம்பி ஒருவன்" (கரப்பான் பூச்சிக்கு நாற்காலிமேல் ஏறுகிறவன் இவன்.)

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அக்காதான். அடைப்புக்குறி வந்தால் மட்டும் தாண்டிவிடுவாள். "அது நீ உனக்கே முணுமுணுக்கறது, எனக்கு எதுக்கு?" என்பாள்.

3.
மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கண்ணாடி உடையவில்லை.

(உடைந்துவிட்டது. ஒன்பது நாளாகிறது. அக்கா குளிக்கப் போயிருந்தாள். பழைய போட்டோ சட்டத்துக் கண்ணாடியை வெட்டி அதே இடத்தில் ஒட்டினேன். இன்ஜினியர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தேதியும் எழுதினேன். அவள் மகள் வீட்டில் எனக்கு இடமில்லை, கேட்டாயிற்று. அவள் போய்விட்டால் நான் தனி. அந்தப் பயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். இன்று காலை புதுக் கண்ணாடியிலும் ஒரு கோடு.)

4.
முடிவு ஒன்று: தம்பி சொல்லிவிடுகிறான். அக்கா கன்னத்தில் ஓர் அறை விட்டு, பெட்டியைக் கட்டுகிறாள்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அன்று மதியம் (இதை எழுதமாட்டேன்.)

பக்கத்தில் இயந்திரம் ஓர் இடி இடித்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. "என்னடா, எழுதி முடிச்சிட்டியா, குடு," என்று தாள்களை வாங்கிக்கொண்டு போனாள் அக்கா. கட்டிலில் ஏறி, அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கதவோரம் நின்றபடி வேறு தாளில் இதை எழுதுகிறேன்.

5.
மூன்றாம் பகுதிக்கு வந்துவிட்டாள். கண்ணாடி உடையவில்லை என்ற வரியைப் படித்துத் தலையாட்டுகிறாள். அடுத்தது அடைப்புக்குறி. அதைத் தாண்டப்போகிறாள்.

நீங்கள் தாண்டவில்லை, படித்துவிட்டீர்கள். கொஞ்சம் சத்தமாகப் படியுங்களேன்.