எட்டரை மணிக்கு வானத்தில் ஒன்றுமில்லை

...ஒன்றுமில்லை, எட்டரை மணிக்கு வானத்தில் ஒன்றுமே இல்லை, இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும், பறக்கும் தட்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று லொரேன் மறுபடியும் தனக்குள் சொல்லிக்கொண்டாள், எடுத்தால் வாய் ஓயாது, அரிசோனாவின் பேஜ் ஊர்ப் பள்ளியில் இத்தனை வருடம் இயற்பியல் நடத்திய வாய் அது... எதிர் பெஞ்சில் பேருந்து ஓட்டுநர் எல்மர் யெல்லோஹேர் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார், பக்கத்தில் அவர் மனைவி பெர்த்தா, மடியில் காப்பி பிளாஸ்க். மூடிய கதவுக்குப் பின்னால் பள்ளி வாரியத்தார். பேருந்தைப் பள்ளத்தில் இறக்கிய எல்மரின் வேலை நிலைக்குமா போகுமா என்று இன்று உள்ளே முடிவு செய்யப் போகிறார்கள், லொரேன் வாயைத் திறந்து சொல்லப் போவதை வைத்து. அவள் என்ன செய்வாள், கேட்டார்கள், தெரிந்ததைச் சொல்கிறாள்.

வெள்ளிக் கிரகம் மாலையில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தாலே போதும், அவள் வீட்டுப் போன் அலற ஆரம்பித்துவிடும், டீச்சர், ஏரிக்கு மேலே என்னமோ நிக்குது, டீச்சர், அது நம்ம காரையே துரத்துது... ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லுவாள், அது கிரகம், அது பலூன், அது விமானத்தின் விளக்கு. எங்கோ உயிர் இருக்கலாம், நம்மைவிட அறிவுள்ளதே இருக்கலாம், இத்தனை நட்சத்திரங்களில் நாம் மட்டும்தான் என்று சொல்ல அவளுக்கும் மனசு வராது, ஆனால் அவ்வளவு தூரம் தாண்டி வந்தவன் ஆளரவமில்லாத பாலைவன ரோட்டில் ஒரு மஞ்சள் பேருந்துக்கு மட்டும் வேடிக்கை காட்டிவிட்டா திரும்பிப் போவான்? இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அலுவலகத்து ஷெல்பிகூட இப்போது அவளைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா டீச்சர், இனிமே வேத்துக் கிரகத்துக்காரன் இந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்," என்றாள். பெர்த்தா சிரிக்கவில்லை. லொரேனும் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

எல்மர் பறக்கும் தட்டு என்று சொன்னாரா? இல்லை... அது ஊர் சொன்னது. அவர் சொன்னதெல்லாம் வெளிச்சம். கைப்பந்து ஆடிவிட்டு வந்த பள்ளிப் பெண்களை நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பும்போது, "மேக்கால வெள்ளையா, பெரிய மீனு வாலை விரிச்ச மாதிரி, சத்தமே இல்லாம போச்சு டீச்சரம்மா, பாத்துக்கிட்டே இருந்துட்டேன், வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு." எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எட்டரை, வாட்சைப் பார்த்தேன் என்றார். அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது, சாட்சியும் கிடையாது, அந்த வாட்ச்தான். அன்றைக்குக் கலிபோர்னியாக் கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் போனது, பொழுது விழுந்த பிறகு அதன் புகை மட்டும் உயரத்தில் வெயில் பட்டு மின்னியது, பாதி நாடு பார்த்தது, அவளும் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள், ஏழரைக்கு. எட்டரைக்கு அதன் சுவடுகூட இல்லை. ஆனால் ஒவ்வொருவர் போனிலும் அந்த வீடியோ இருந்தது, அந்த மீன், அந்த வால். ஆக, மனுஷன் தூங்கி வழிந்திருக்கிறார், இல்லை குடித்திருக்கிறார், பிறகு வீடியோவைப் பார்த்துக் கதையை இரவல் வாங்கியிருக்கிறார். அதைப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம், வாரியத் தலைவருக்கு நேற்றே போன் போட்டுச் சொல்லுமளவுக்குச் சந்தோஷம்.

பெர்த்தா காப்பியை ஊற்றி நீட்ட, எல்மர் கையை நீட்டி வாங்கினார், சட்டைக் கை மேலே ஏறியது. வாட்ச். பத்தேகால். லொரேன் சுவரைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால். பார்த்தீர்களா, வாட்சே ஓடவில்லை, இதை நம்பித்தான் எட்டரையாம் என்று ஒரு துள்ளல் துள்ளியது மனசு, உள்ளே போய் இதையும் சொல்லலாம்... ஆனால் விநாடி முள் நகர்ந்துகொண்டிருந்தது. சீராக, நிதானமாக. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பது எல்மர் குடியிருக்கும் நவஹோ நிலத்து வழக்கம், அரிசோனாவின் மற்ற ஊர்கள் தள்ளுவதில்லை, பேஜ் தள்ளுவதில்லை, ரோட்டில் ஒரு வளைவு தாண்டினால் மணி மாறும். பல் டாக்டரிடம் நேரம் வாங்கினாலும், பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாலும், இங்கே யாரும் முதலில் கேட்பது ஒன்றுதான், உங்க நேரமா, எங்க நேரமா? கடைக்காரன் கேட்பான், குழந்தை கேட்கும், அவளே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் கேட்டாளா? கேட்டிருப்பாள்... கேட்காமல் இருப்பாளா... இல்லை. வெளிச்சம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் காது மூடிக்கொண்டது.

கதவு திறந்தது. "லொரேன், உள்ள வாங்க." எழுந்தாள், கால் கதவுப் பக்கம் போகாமல் பெஞ்சுப் பக்கம் போனது. "எல்மர்... அன்னைக்கு எட்டரைன்னீங்களே... அது யார் நேரம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க நேரந்தான். வீட்டுல வச்சது, மாத்துறதே இல்ல. ஏன் டீச்சரம்மா?"

"நான் அன்னைக்கு இதைக் கேக்கவே இல்லையே..."

"கேக்கலையேன்னு நானும் நெனச்சேன். நாப்பது வருசமா இங்கயே கெடக்குறவங்க, தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

பெர்த்தா பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். "அவங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அவருடைய எட்டரை, அவளுடைய ஏழரை. மீன், வால், மேற்கு, எல்லாம் சரி, ராக்கெட்தான், இவர் குடிக்கவில்லை, தூங்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, எல்லாரும் அண்ணாந்து பார்த்ததை இவரும் பார்த்தார், கையில் ஸ்டீயரிங் இருந்தது ஒன்றுதான் தப்பு. உள்ளே போய் முதல் வாக்கியமாக, நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும், தலைவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நேற்று போனில் சொன்னதைத் திரும்ப விழுங்க வேண்டும், ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்... நெஞ்சில் பெரிய நிம்மதி ஒன்று இறங்கியது. கதவு நிலையில் கை வைத்த பிறகுதான் அது எதற்கான நிம்மதி என்று அவளுக்குப் புரிந்தது. நல்லவேளை, ராக்கெட்தான், வானத்தில் தனக்குத் தெரியாதது வேறொன்றும் இல்லை... எல்மர் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தார்.