கேள்வி மட்டும்

1

இது என் கற்பனையில் பிறந்த கதையல்ல. பத்து நிமிடம் பேசினால் ஒருவர் குடியைக் குறைப்பாரா என்று பார்க்கும் ஆய்வில் வேலை செய்த ஒரு நர்ஸ், அந்த வேலையை விட்ட பிறகு என்னிடம் சொன்னது. எழுதாதே என்று அவள் சொல்லவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

விதி எளிது. மருத்துவமனைக்கு வருகிறவரிடம் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒட்டிய உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே 'பேச்சு' என்றிருந்தால் பேசலாம். 'கேள்வி மட்டும்' என்றிருந்தால் குடியின் கேடுகள் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். யாருக்கு எது என்பது குலுக்கலில் விழுவது.

2

"வெல்டரின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்த—"

வேண்டாம். கை நடுங்கவில்லை. அவள் சொன்ன வெல்டர், வெட்டுப்பட்ட விரலுக்குத் தையல் போட்டுக்கொள்ள வந்தவர், நிதானமாகத்தான் இருந்தார். (நடுங்கியிருந்தால் எனக்குப் பரிதாபம் சுலபமாகக் கிடைத்திருக்கும்.)

அவர் எதையும் மறைக்கவில்லை. தினம் எவ்வளவு, எத்தனை நாள் வேலை கெட்டது, மகள் எப்போது பேச்சை நிறுத்தினாள், எல்லாம் கொட்டினார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். நர்ஸ் உறையைப் பிரித்தாள். கேள்வி மட்டும்.

தாளை வாங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதானாம்மா? நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"இன்னைக்கு இவ்வளவுதாங்க."

(விதியை மீறி அவள் நாலு வார்த்தை பேசுவதாக ஒரு வரைவு எழுதினேன். நன்றாகவே வந்தது. பொய் என்பதால் கிழித்துவிட்டேன். ஆளாளுக்கு மனசு இளகினால் ஆய்வு எதற்கு என்று அவள் நினைத்தாள். அதில் தப்பும் இல்லை.)

3

ஆறு மாதம் கழித்து, விதிப்படி, போன் செய்தாள். வெல்டரின் மனைவி எடுத்தார். கணவர் இப்போது எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்க வேண்டும் என்றாள்.

"இப்ப குடிக்கிறதில்லம்மா."

நர்ஸுக்கு மனசு குளிர்ந்தது. நல்லதுங்க என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

"போய்ச் சேந்து ரெண்டு மாசமாச்சு."

படிவத்தில் ஒரு கட்டம்: கடந்த முப்பது நாளில் குடித்த நாட்கள். பூஜ்யம் போட்டால் அவர் திருந்தியவர். இறப்புக்கு வேறு படிவம் இருக்கிறது, இதைக் காலியாக விடு என்றார் மேலதிகாரி. விட்டாள்.

4

மறு வருடம் ஆய்வின் முடிவு வந்தது. பேச்சு கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஒரே அளவுதான் குறைத்திருந்தார்கள். அப்படியென்றால் நீ பேசியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காதே என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"அது எல்லாருக்கும் சேத்துச் சொன்னது," என்றாள். "அவருக்குச் சொன்னதில்ல."

இப்போது அவள் வேறொரு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாள். குடித்த வாடையோடு யாராவது வந்து உட்கார்ந்தால் பேசுகிறாளா என்று நான் கேட்கவில்லை. பேசுகிறாள் என்று எழுதினால் கதை முடிந்துவிடும். வாயே திறப்பதில்லை என்றாலும் முடிந்துவிடும். உங்கள் மனசு எதைத் தாங்குமோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.