குழந்தை சொன்னது

பதினாறாவது நாளும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடுதான் விழுந்தது.

செவ்வந்தியின் நோட்டில் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். தேதி, பயிற்சி, அம்மா சொன்னது, குழந்தை சொன்னது. முதல் மூன்றும் முத்து முத்தான எழுத்தில் நிறைந்திருக்கும். நான்காவதில் மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. சில கோடுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, அழித்து, மறுபடியும் போட்டிருப்பாள்.

பகலில் அவளுக்குக் கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் பேக்கிங் வேலை. சாயங்காலம் காந்திபுரத்தில் மழலைப் பள்ளி டீச்சர் ஆவதற்கான வகுப்பு. அங்கே கொடுத்த வீட்டுப்பாடம் இது. தினமும் பத்து நிமிடம் ஒரு குழந்தையோடு பேச்சு விளையாட்டும் கேட்கும் விளையாட்டும் நடத்த வேண்டும். தாளில் இருக்கும் வாக்கியங்களைச் சொல்லி, குழந்தை என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். மற்றவர்கள் தெருத்தெருவாகக் குழந்தை தேடினார்கள். செவ்வந்திக்கு வீட்டிலேயே மூன்றரை வயதில் மௌனிகா இருந்தாள். அதுவும் எப்பேர்ப்பட்ட வாயாடி!

வகுப்பில் முதல் வாரமே செவ்வந்தி எழுந்து நின்று மாதிரி செய்து காட்டினாள். “கைய உள்ள வுடுங்க கண்ணு, என்னங்க இருக்குது?” என்று அவள் சொன்னதும் பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. “குழந்தைக்கே இவ்வளவு மரியாதையா? வந்திருக்கறது கலெக்டருங்களா?” என்றாள் ஹரிதா. டீச்சரும் சிரித்துவிட்டு, “தாள்ல இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க. சுருக்கமா, தெளிவா” என்றார். செவ்வந்தி அதை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். தன் மேல் எப்போதும் சந்தேகப்படுகிறவளுக்கு அச்சடித்த தாள் பெரிய துணை.

அன்று துணிப்பை விளையாட்டு. பைக்குள் எலுமிச்சம்பழமும் சீப்பும் போட்டு வைத்திருந்தாள்.

“பையில் கையை விடு. என்ன இருக்கிறது? சொல்.”

மௌனிகா பையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். இரண்டு கைகளும் மடிக்குள் போய் ஒளிந்துகொண்டன.

காது கேட்கவில்லையோ? பின்னால் போய்க் கடலை டப்பாவைக் குலுக்கினாள். குழந்தை சட்டென்று திரும்பியது. கேட்கிறது. அப்படியானால் வாயை அடைத்தது யார்?

சந்தேகம் கீழ்வீட்டை விட்டு நகரவே இல்லை. போன மாதம் கம்பெனியில் குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டார்கள். அதே வாரம்தான் மாலை வகுப்பும் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மௌனிகாவைக் கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாள் வரலட்சுமியிடம் விட்டாள். அதற்குப் பிறகு குழந்தையின் பேச்சு ‘பாலுங்க’, ‘வேண்டாங்க’ என்று சுருங்கிப் போனது. ஆனால் கூப்பிடப் போகும்போதெல்லாம் வரலட்சுமி, “ஏனுங்க அம்மணி, நாள் பூரா பேசுதுங்க, வாயே ஓயறதில்ல” என்பார். பேசுகிற குழந்தையா இப்படிக் கல்லாக உட்காரும்?

நோட்டின் கடைசிப் பக்கத்தில் செவ்வந்தி தனியாகக் குறித்து வந்தாள். நான்காம் நாள், கதவருகே போகும்போது டிவி சத்தம், கதவைத் தட்டியதும் நின்றது. ஒன்பதாம் நாள், குழந்தை தூக்கத்தில் “ராண்டி” என்றது, ‘வாங்க’ என்பதற்குக் கீழ்வீட்டார் பேசும் தெலுங்கு. பன்னிரண்டாம் நாள், வேறு கவுன் போட்டிருந்தது, கேட்டதற்குத் தண்ணீர் கொட்டிவிட்டது என்று பதில். எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. குழந்தையை வீட்டுக்குள் விடுகிறார்களா, வாசலிலேயே உட்கார வைக்கிறார்களா? அவளுடைய அம்மா களையெடுக்கப் போன தோட்டத்து வீடுகளில் எல்லாம் வாசலோடு சரி. அதை எழுதப் பேனாவை எடுத்தாள், மூடி வைத்தாள்.

அன்னூர் சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்த கணவன் அன்புமணி கை கழுவிக்கொண்டே கேட்டான். “பேரே மௌனிகான்னு வெச்சுபோட்டு, பேசலைன்னா எப்படி? நீயும் சிஐடியாட்டம் அந்தம்மாளையே மொறைக்கற.”

“மொறைக்கலீங்க. கவனிக்கறேன். சனிக்கெழமைக்குள்ள பேசலைன்னா, யாருகிட்ட வுட்டிருக்கேன்னு பாக்கச் சொல்லிட்டாங்க டீச்சர். அங்கதான் கோளாறுன்னா நான் கிளாஸ நிறுத்திபோட்டு இவளைப் பாத்துக்கறேன். வேற ஆரு இருக்காங்க?”

செவ்வந்தி மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நோட்டு மடியில் திறந்தே இருந்தது.

“உன்னை யாராவது வைகிறார்களா? சொல்.”

மௌனிகா மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள்.

“யார்?”

குழந்தை தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றாள். திருட்டு வேலை என்று மனசு குத்தியது. ஆனாலும் நின்றாள்.

“அத்தைங்க, இந்த அவரைக்கா கதவச் சாத்திட்டுதுங்க.”

மௌனிகாவின் குரல்!

“அப்படிங்களா? எதுக்குங்களாம்?”

“உள்ள பாப்பா தூங்குதுங்க.”

“எத்தனை பாப்பாங்க?”

“மூணுங்க. ஒண்ணப் புழு கடிச்சுபோட்டுதுங்க. அதுக்கு ஊசி போடோணுங்க.”

“அப்ப நீங்களே போட்டுடுங்க டாக்டரம்மா.”

செவ்வந்தி விரல்விட்டு வார்த்தைகளை எண்ண ஆரம்பித்தாள். பதினைந்து தாண்டியதும் எண்ணிக்கை தவறியது. சந்தோஷம் வந்த வேகத்திலேயே நெஞ்சில் இன்னொன்று கசந்தது. இங்கே பேசுகிறது, என்னிடம் பேசுவதில்லை. அப்படியென்றால் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

விறுவிறுவென்று உள்ளே போனாள். மௌனிகா சமையலறைக்கு நடுவில், அடுப்பு மேடைக்குக் கீழே, முறத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டது. கண்கள் அம்மாவின் கைகளைத் தேடின.

“எங்கிட்டப் பேசக் கூடாதுன்னு என்னங்க சொல்லி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள் செவ்வந்தி.

வரலட்சுமி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். முகம் இறுகியிருந்தது.

“நானே கேக்கோணும்னு இருந்தனுங்க அம்மணி. குடியிருக்கறவங்க ஊட்டு விசயம்னு சும்மா இருந்தேன். பச்சப் புள்ள அது. தெனமும் ஏழே முக்காலுக்கு எதுக்குங்க அதைய அந்த வைவு வையறீங்க?”

“நானுங்களா? நான் வையறதே இல்லீங்களே!”

“கீழ வரைக்கும் கேக்குதுங்க. ‘எடு, வை, திற, சொல்’னு ஒரே அதட்டல். எங்க ஊட்டுக்காரரு டிவியக்கூட நிறுத்திட்டுக் காது குடுத்தாரு, அடி விழுந்தா மேல ஓடோணும்னு.”

“அது அதட்டல் இல்லீங்க. பயிற்சிங்க. தாள்ல அப்படித்தான் போட்டிருக்குது.”

“பயிற்சிங்களா?” வரலட்சுமி நம்பாமல் பார்த்தார். பிறகு குழந்தையிடம் குனிந்தார். “ஏனுங்க கண்ணு, சாயங்காலம் அம்மா என்ன பண்ணுவாங்க?”

மௌனிகா முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “நோட்டு எடுப்பாங்க. எடுத்தா அம்மாவுக்குக் கோவம் வந்துருங்க.”

செவ்வந்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். அம்மா நாள் முழுக்க ‘வாங்க சாமி’, ‘சாப்புடுங்க கண்ணு’ என்பாள். அந்த ‘ங்க’ எப்போது உதிர்கிறதோ அப்போது முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அடி வரப்போகிறது. ‘எடு’ என்று மொட்டையாகச் சொன்னால் எடுப்பதா, ஓடுவதா? அவளே ஓடியிருக்கிறாள். பதினாறு நாளும் தப்பில்லாமல் சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு ‘ங்க’வாகப் பார்த்துப் பார்த்து உரித்து, மிச்சத்தைத் தன் குழந்தையின் முகத்துக்கு நேரே எறிந்திருக்கிறாள். யாராவது வைகிறார்களா என்று கேட்டபோது அது தலையாட்டியதும் பொய்யில்லை.

“உங்களப் போயி...” என்று வரலட்சுமியிடம் ஆரம்பித்தவளுக்கு வாக்கியம் முடியவில்லை.

“நானும்தானுங்க உங்களப் போயி” என்றார் வரலட்சுமி. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

செவ்வந்தி மகள் பக்கம் திரும்பினாள். என்ன சொல்வது? சொல்லித்தர இப்போது கையில் தாளும் இல்லை.

“எனக்கும் ஒரு அவரைக்கா குடுங்க கண்ணு.”

மௌனிகா உடனே கொடுக்கவில்லை. அம்மாவின் கைகளைப் பார்த்தாள். சற்று எட்டி முதுகுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

“கோவமுங்களா?”

“இல்லீங்க.”

“நெசமாலுங்களா?”

“நெசமாத்தானுங்க சாமி.”

குழந்தை யோசித்தது. முறத்தில் கிளறி, இருப்பதிலேயே முற்றலான ஒரு காயைப் பொறுக்கி நீட்டியது. “நாரு உரிச்சுப்போடுங்க. பாப்பாவுக்கு வலிக்காம உரிக்கோணுங்க.”

செவ்வந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாரை இழுத்த இழுப்பில் காய் நடுவில் இரண்டாக ஒடிந்து, ஒரு விதை தெறித்து அடுப்பு மேடைக்கு அடியில் ஓடியது.

மௌனிகாவின் புருவம் சுருங்கியது. விரலை நீட்டினாள்.

“ஏய்! ஒழுங்கா உரி.”

வரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார்.

“சரிங்க” என்றாள் செவ்வந்தி. முறத்திலிருந்து அடுத்த காயை எடுத்தாள்.