மூன்றாம் ஆண்டுக் கட்டம்

மீன்கள் உறங்கும்போது கனவு காண்கின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. அரசு நிதிக்கான விண்ணப்பத்தில் ஆண்டுக்கொரு கட்டம் இருக்கிறது. எந்த ஆண்டில் எதைக் கண்டுபிடிப்பேன் என்று இப்போதே எழுத வேண்டுமாம். இரண்டு கட்டங்களை எப்படியோ நிரப்பிவிட்டேன். மூன்றாவது என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.

"டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேணாம். எங்க ஃபாக்டரியில எந்த போர்டு எந்தத் தேதியில வெளிய வரும்னு ஆறு மாசம் முன்னாடியே சொல்லுவோம். நீயும் அதே மாதிரி எதையாவது போடு," என்றார் குஷாய்குடா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் கணவர் குணசேகரன்.

"கனவு என்ன, உங்க சர்க்யூட் போர்டா?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மதியம் ஆய்வகத்தில் மீன்தொட்டியின் முன்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். நீல வெளிச்சத்தில் மீன்கள் அசையாமல் தூங்கின. எனக்கும் கண் சொருகியது. தண்ணீர் என் காதுவரை ஏறியது. ஒரு மீன் அருகில் வந்து ஏதோ சொன்னது. எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. விழித்தபோது ஒரு சொல்கூட நினைவில்லை. திரையில் மூன்றாம் கட்டம் நிரம்பி, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருந்தது. நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது. மீனுக்குத் தெரியும்."

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "நிதி வழங்கக் கொள்கையளவில் ஒப்புதல் அளிக்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டு முடிவு குறித்து மீனின் பதிலை எழுத்துமூலம் பெற்று, பதினைந்து நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனேன். அந்த மீன் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.