மாமா உரித்த கவர்

அக்காவின் காரில் ஓட்டுபவர் காலடியில் தண்ணீர் நிற்கிறது. அந்தக் காரில்தான் அவள் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கிளட்சில் கால் வழுக்குகிறது என்று பல் டாக்டரம்மா நின்றுவிட்டார். நாற்றம் தாங்கவில்லை என்று இன்னொருத்தியும் போய்விட்டாள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் காரை விற்றுவிட்டுப் பழைய ஆபீஸ் வேலைக்கே போகிறேன் என்றாள் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

முன்கண்ணாடியில் கல் பட்டு, புதிது போட்ட பிறகுதான் மழை பிடித்தது. ஆகவே எல்லோரும் கண்ணாடிக்காரரைத் திட்டினார்கள். அதிகமாகத் திட்டியது மாமா, அதாவது அக்காவின் கணவர். அவருக்கும் அக்காவுக்கும் சண்டை என்றால் பெரும்பாலும் கவர் சண்டைதான். புதிதாக எது வந்தாலும் அக்கா கவரோடு வைத்துக்கொள்வாள். மாமாவுக்கு அதைக் கண்டால் உரிக்கக் கை துறுதுறுக்கும். டிவி ரிமோட்டில் தோற்றுப்போன அக்கா, சோபாவை மட்டும் இன்றுவரை காப்பாற்றி வைத்திருந்தாள்.

நான் மாலை வகுப்பில் வண்டி ரிப்பேர் படிக்கிறேன். கிரீஸ் என் கையில் படியவில்லை, வாயில்தான் படிந்திருக்கிறது என்று மாமா கேலி செய்வார். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒழுகலைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கீழிருந்து மேலே போக வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே இடத்தில் தண்ணீர் விட வேண்டும். அதைப் பிசகாமல் செய்ய என்னால் முடியும்.

தரைவிரிப்பை எடுத்துவிட்டு செய்தித்தாள் விரித்தேன். அக்கா டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தாள். நான் வெளியே ஓஸ் பைப்போடு. மாமா குழாயடியில்.

"மெதுவா திறங்க மாமா!"

"உத்தரவு, இன்ஜினியரம்மா."

கதவின் அடிப்பக்கம் விட்டேன். ஒன்றுமில்லை. முன்கண்ணாடியைச் சுற்றி வெகுநேரம் விட்டேன்.

"ஒரு சொட்டு இல்லடி," என்றாள் அக்கா. கண்ணாடிக்காரர் தப்பித்தார்.

கூரையில் விட்டதும் உள்ளிருந்து கத்தினாள். "வருது, வருது! பேப்பர் நனையுது!"

"பாத்தியா, கூரையில ஓட்டை. நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமா.

"எப்ப சொன்னீங்க? கண்ணாடி கண்ணாடின்னு குதிச்சது யாரு?"

நானும் கூரை என்றே சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். கூரையில் விட்ட தண்ணீர் கூரையிலேயேவா நிற்கிறது? பக்கத்து ஜன்னல் வழியாகத்தானே இறங்குகிறது? எல்லாவற்றையும் துடைத்து, புதுச் செய்தித்தாள் விரித்தேன். ஓட்டுபவர் பக்க ஜன்னலை பாலித்தீன் வைத்து டேப்பால் மூடிவிட்டு, மறுபடி கூரையில் விட்டேன். செய்தித்தாள் மொரமொரவென்று கிடந்தது.

அப்படியானால் ஜன்னல். ஆனால் எந்தக் காரிலும் ஜன்னல் இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கீழே உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விடும். இங்கே மட்டும் ஏன் உள்ளே வருகிறது? கதவின் உள்பலகையைக் கழற்றினேன். தகரத்தின் மேல் கறுப்புப் பசை ஒரு கோடாக ஓடியது. அந்தப் பசையில் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளைக் காணோம்.

"மாமா, இங்க ஒரு பிளாஸ்டிக் இருந்திருக்கணுமே?"

"அதுவா? மழைக்கு முன்னாடி இந்தக் கதவுல ஸ்பீக்கர் மாட்டறப்ப பாத்தேன். கம்பெனிக்காரன் கவரை உரிக்க மறந்துட்டான்போலன்னு நான்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாள்தான் என்றேன்.

அக்கா காரிலிருந்து இறங்கினாள். "அது தண்ணிய தடுக்க வச்சதாமா? இனிமே இந்த வீட்ல எதையாவது உரிச்சீங்க, உங்க தோலை உரிச்சிடுவேன்!"

"சோபாவை நான் தொட்டேனா சொல்லு?"

அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் சோபாவின் முதுகுக் கவர். பழுப்பேறினாலும் தடித்த, நல்ல பிளாஸ்டிக்.

"இது போதுமாடி?"

மாமா வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். "அட, நம்ம சோபா பச்சையா!"

அளவாக வெட்டி, சுற்றிலும் பசை நாடா வைத்து அழுத்தினேன். கீழ் விளிம்பை மட்டும் கதவுக்குள் செருகினேன், தண்ணீர் கதவுக்குள்ளேயே விழுந்து துளை வழியாக வெளியே போகட்டும் என்று. பலகையை மாட்டி, ஜன்னலில் ஒட்டிய பாலித்தீனைப் பிரித்த பிறகு மாமா குழாயை முழுசாகத் திறந்தார்; ஜன்னல் மேலேயே தண்ணீர் விட்டேன். அக்கா செய்தித்தாளை எடுத்து உதறினாள். சடசடத்தது. அதே கையோடு போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா, திங்கக்கிழமை காலையில வாங்க. கிளட்ச் வழுக்காது, நான் பொறுப்பு."

மறுபக்கக் கதவுக்கு வாங்கிய ஸ்பீக்கர் இன்னும் கவர் பிரிக்காமல் இருக்கிறது. அக்கா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.