நாலை அமுக்கினா

இந்தப் புதுப்பொட்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பாளையங்கோட்டையில இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, டெலிபோன் எக்சேஞ்ச் பொட்டி ரிப்பேர் பாக்கவன் நான். பேரு செல்வமணி. இப்ப எல்லாருக்கும் இன்டர்நெட் போன் வேணும். ஆனா உள்ள கெடக்க பழைய பொட்டியைத் தூக்கிப்போட மனசு வராது. நடுவுல இந்தப் புதுப்பொட்டியை வச்சு ரெண்டையும் கோத்துவிடும்னு என் தலையில கட்டிருவாவ.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதோட மேனேஜர் சிவசங்கரன், காலையிலேயே என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னுட்டாரு.

"பத்தரைக்கு ராகுகாலம் வே. அதுக்குள்ள புது லைனை ஓட்டிரும்."

"சார், ஒவ்வொரு நம்பரா அமுக்கிப் பாத்துட்டு மாத்துவோமே."

"அதெல்லாம் மாத்தின பெறவு பாத்துக்கிடலாம். நல்ல நேரம் உமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

மாத்தினேன். அவரே செல்போன்ல ஆஸ்பத்திரி நம்பரை அடிச்சு, பூஜ்யத்தை அமுக்கினாரு. ரிசப்ஷன் பொண்ணு எடுத்துட்டா. மனுசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தேங்காயை ஒடைச்சு, பொட்டிக்குச் சந்தனம் வச்சு, சூடம் காட்டி, பொட்டி ரெண்டும் இருக்க ரூமோட கம்பிக்கதவைத் தன் கையாலேயே பூட்டினாரு. "பூசை போட்டிருக்கு. ராகுகாலம் கழியுத வரைக்கும் ஒரு பய உள்ள போவக்கூடாது, நீரும்தான்"னு சொல்லிட்டு, சாவியைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு துர்க்கையைக் கும்பிடப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை தவறாம போற ஆளு. சன்னதியில போனை அணைச்சு வச்சிருவாரு.

நான் டீ குடிச்சிட்டு வந்தப்ப, ரத்த வங்கி சிஸ்டர் எலிசபெத் நடையில என்னைப் புடிச்சுக்கிட்டாவ.

"அண்ணாச்சி, என் மேசை போன் வேலை செய்யுதா? பத்தரைக்கு வாட்ஸாப்புல போட்டோம், ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமா வேணும்னு. இந்நேரம் நாலஞ்சு பேராவது கூப்பிட்டிருக்கணும். ஒருத்தரும் கூப்பிடல."

அவங்க ரூமுக்கு வெளிய பெஞ்சுல ஒருத்தர் குத்தவச்ச மாதிரி காலை மடக்கி உக்காந்திருந்தாரு. சேரன்மகாதேவிக்காரர், வயக்காட்டு வேலை பாக்கவர், பேரு சுடலைக்கண்ணு. அவர் சம்சாரம் ஆறுமுகத்தாய்க்கு விடியக்காலம் பிரசவம். பொம்பளப்புள்ள. புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல, தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. இருந்த ரெண்டு பாட்டிலும் ஏத்தியாச்சு. ஊர்ல எந்த ரத்த வங்கியிலயும் அந்த வகை இல்லையாம்.

"உங்க நம்பரை அந்த மெசேஜ்ல போடலையா?"ன்னு அவர்கிட்ட கேட்டேன்.

"ரத்தம் விக்க புரோக்கர் தொல்லைன்னு எந்தக் குடும்பத்து நம்பரையும் போட விடமாட்டோம்"னு எலிசபெத்துதான் பதில் சொன்னாவ. "ஆஸ்பத்திரி நம்பர் மட்டும்தான். ரத்தம் கொடுக்க நாலை அமுக்கவும்னு போட்டிருக்கோம்."

சுடலைக்கண்ணு தலையைத் தூக்கினாரு. "இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தனுக்குக்கூட எரக்கம் இல்லாமப் போச்சே அண்ணாச்சி."

காலையில நாலை நாங்க அமுக்கிப் பாக்கவே இல்லையே! கம்பிக்கதவுக்கு ஓடினேன். அங்கன நின்னு என் செல்லுல ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, நாலை அமுக்கினேன். காதுல மணி போவுது. எலிசபெத் மேசை சத்தமே காணோம். உள்ள பொட்டியில நாப்பத்திநாலுன்னு எழுதின எடத்துல சிவப்பு லைட்டு மினுங்குது.

அடப் பாவி! புதுப்பொட்டி ஒரு தரம் அமுக்கினதைப் பழைய பொட்டிகிட்ட ரெண்டு தரமாச் சொல்லுது. ஒரு நாலு, ரெண்டு நாலாப் போவுது. பூஜ்யத்தை அமுக்கினா அந்தக் கோளாறு வெளிய தெரியாது, ஏன்னா மொத பூஜ்யத்தைக் கேட்டதுமே பழசு ரிசப்ஷனுக்குக் குடுத்துரும். நாலுன்னா, நாப்பது வரிசையிலயும் ரூம் நம்பர் இருக்கதால, இன்னொரு எண் வருதான்னு பொறுத்துப் பாக்கும். நாப்பத்திநாலு பழைய எக்ஸ்ரே ரூம். அந்த ரூமை இடிச்சு எவ்வளவோ காலமாச்சு, போன் கெடையாது. கூப்பிடுதவங்களுக்கு மணி கேக்கும். எடுக்க ஆளு இருக்காது.

நான் செல்லை வச்ச பெறவும் அந்த லைட்டு மினுங்குச்சு. நின்னுச்சு. திரும்ப மினுங்குச்சு. ஒவ்வொண்ணும் ஒரு மனுசன். எந்த மனுசன், எந்த நம்பர், ஒண்ணும் எனக்குத் தெரியாது, அந்தக் கணக்கெல்லாம் இன்டர்நெட் கம்பெனிக்காரன் கையில.

கம்பிக்குள்ள கையை விட்டேன். எட்டல. சிவசங்கரனைக் கூப்பிட்டேன், அணைச்சிருக்கு. கம்பெனிக்குக் கூப்பிட்டேன், எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள், காத்திருக்கவும்னு ஒரு பொம்பள சொல்லுதா, பாட்டுப் போடுதா, திரும்பச் சொல்லுதா. "நாசமாப் போவ!"ன்னு கத்தினேன். வாட்ச்மேன்கிட்ட பூட்டை ஒடைக்கணும்னேன். "மேனேஜர் என்னைத் தொலைச்சிருவாரு வே, பன்னெண்டு மணி வரைக்கும் பைய இரும்"ங்கான். அவனோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கேன், லைட்டு மினுங்கிக்கிட்டே கெடக்கு.

கடைசியில தோட்டத்துக்குப் போயி ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்தேன். பூட்டு நல்ல பூட்டு. கை தோலு உரிஞ்சுது. ஒருவழியா கதவு தொறந்துச்சு. எலிசபெத் மேசைக்குப் போற ஒயரைப் புடுங்கி நாப்பத்திநாலுல சொருகினேன். சொருகின கையோட அந்தப் பக்கம் மணி அடிச்சுது.

நான் சிரிச்சுக்கிட்டே ஓடினேன். எம்மா, அந்தச் சிரிப்பை நெனச்சா இன்னைக்கும் செருப்பால அடிக்கணும்போல இருக்கு.

எலிசபெத் போனைப் பாத்துக்கிட்டு நிக்காவ, எடுக்கல. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டர் கதவுகிட்ட சுடலைக்கண்ணு கையைப் புடிச்சிக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டு இருந்தாவ. அவரு மண்டையை ஆட்டுதாரு, ஆட்டிக்கிட்டே இருக்காரு.

மணி விடாம அடிச்சுது. கடைசியில எலிசபெத் எடுத்தாவ. "இல்லண்ணே, இனி தேவைப்படல. ரொம்ப நன்றி." வச்சதும் இன்னொண்ணு. ஏரல்ல இருந்து ரிச்சர்டுன்னு ஒருத்தராம், காலையில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்காராம், பஸ் ஏறவா வேண்டாமான்னு கேக்காரு. அடுத்து காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு, நஃபீஸத்துன்னு. அதை வச்சா அடுத்தது. ஒவ்வொருத்தருக்கும் எலிசபெத் அதையேதான் சொன்னாவ.

சுடலைக்கண்ணு திரும்பவும் அந்தப் பெஞ்சுல வந்து உக்காந்தாரு. ஒவ்வொரு மணிக்கும் எலிசபெத் ரூமை எட்டிப் பாத்தாரு. பெறவு என்னைப் பாத்தாரு.

"இவ்வளவு பேரும் காலையிலேயே கூப்பிட்டாவளா அண்ணாச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல.

"ஆமா"ன்னேன்.